பிள்ளைகள் தோற்க வேண்டிய பரீட்சை

பெற்றவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளை பரீட்சையில் தேற வேண்டுமே என்று தவம் கிடக்கிற உலகத்தில், பிள்ளைகள் மொத்தமாகத் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற மனிதர் ஒருவர் இருந்தார். கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும். ஆனால் அவர் தொழில் அப்படி.

மருந்துப் பாட்டில்களுக்கு ஒரு வகை மூடி உண்டு. சும்மா திருப்பினால் கரகரவென்று சுற்றுமே தவிரக் கழன்று வராது. மேலிருந்து அமுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும். வீட்டில் இருக்கும் குழந்தை மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து விழுங்கிவிடக் கூடாதே என்பதற்காகச் செய்கிற மூடி அது. குழந்தைக்கு அதைத் திறக்க நிஜமாகவே வராதா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? பொம்மையை வைத்தா பார்க்க முடியும்? குழந்தையின் கையில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கென்றே சைக்கிள் கடை மாடியில் ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. மருந்துக் கம்பெனிகள் புது மூடி செய்தால் அங்கே அனுப்பும். நம்மவர் காலிப் பாட்டில்களைத் தோள்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு மழலைப் பள்ளிகளுக்குப் போவார். பை குலுங்குகிற சத்தம் வாசலில் கேட்டதுமே உள்ளே "மூடி மாமா வந்தாச்சு!" என்று ஒரு கூச்சல் எழும். அவருடைய இயற்பெயர் அலுவலகத்தில் ஒரு தாளில் இருந்ததோடு சரி.

குழந்தைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் காதைத் தொட, அவர் உட்காருவார். இரண்டிரண்டு பேராக வருவார்கள். "இதைத் திறங்க பாப்போம்" என்று பாட்டிலைக் கொடுத்துவிட்டு அவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் போனதும், ஒரு வார்த்தை பேசாமல், தானே ஒரு தடவை திறந்து காட்ட வேண்டும். பிறகு "பல்லாலயும் கடிச்சுப் பாக்கலாம்" என்று ஒரு சலுகை. அதற்குப் பிறகும் அநேகம் பேருக்குத் திறக்க வரவில்லை என்றால் மூடி தேறியது.

பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒரு ரகம். ஒருவன் பாட்டிலைக் காதில் வைத்துக் கேட்பான். ஒருத்தி அதனிடம் செல்லம் கொஞ்சிப் பார்ப்பாள். மசியவில்லை என்றால் மிரட்டுவாள். ஒரு சிறுமி பாட்டிலின் மேல் அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "கொஞ்ச நேரம் ஆகும்" என்று அவருக்குத் தைரியம் சொன்னாள். இவ்வளவுக்கும் அவர் சிரிக்கக் கூடாது. சிரித்தால் குழந்தைக்குத் துப்புக் கிடைத்துவிடும் என்பது அலுவலக விதி. கடைசியில் தோற்ற பிள்ளைகளுக்கெல்லாம் நெற்றியில் ஒரு நட்சத்திரம் ஒட்டிக் கைதட்டுவார். தோற்றுப்போனோம் என்பதே தெரியாமல் அவை குதித்துக்கொண்டு ஓடும்.

இந்த வேலையில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனில் அதற்கு வேட்டு வைத்தார்கள். எங்கோ ஒரு ஊரில் குழந்தை ஒன்று வீட்டுப் பெரியவரின் மாத்திரையை விழுங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்த செய்தி அன்றைய பேப்பரில் இருந்தது. சலூனில் கேட்க வேண்டுமா? மருந்துக் கம்பெனிகளை ஆளாளுக்கு வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எதையுமே முழுசா சொல்ல மாட்டானுங்க அண்ணே," என்றார் சலூன்காரர், நம்மவரின் தாடையில் நுரையைப் பூசிக்கொண்டே. "என்ன பக்கவிளைவுன்னு எறும்பு எழுத்துல ஒரு சீட்டு அடிச்சு உள்ள மடிச்சு வெச்சிடறான். அதைப் படிச்சு முடிச்சா கண்ணுக்குத் தனியா ஒரு மருந்து வாங்கணும்."

பெஞ்சில் காத்திருந்தவர் பேப்பரை மடக்கினார். "அவனே மருந்து செய்வான், அவனே பரீட்சை வைப்பான், அவனே பாஸ் போட்டுக்குவான். நம்ம காதுல பூ சுத்தறான்."

அதுவரை பொறுத்திருந்த மூடி மாமா நாற்காலியோடு சுழன்றார். "பரீட்சை வைக்கறது நான்யா! என்ன வேணா பேசு, எழுத்துச் சின்னதா இருக்குன்னு சொல்லு, ஒத்துக்கறேன். நானே திட்டறேன். ஆனா மூடி விஷயத்துல மட்டும் எவனும் காதுல பூ சுத்த முடியாது. மூடி தேறலன்னா முதலாளியே வந்து வாசல்ல நின்னாலும் எங்க மேடம் தேறலன்னுதான் சொல்வாங்க. அதே மூடியைப் பார்க்குல எழுபது வயசுப் பெரியவங்க ஊதித் தள்ற மாதிரி திறக்கறாங்க, வந்து பாருங்க!"

நுரை பறந்து கண்ணாடியில் அப்பியது. "அசையாதீங்க அண்ணே, கத்தி பட்டா என் கம்பெனியைப் பத்திப் பேப்பர்ல போட்டுடுவாங்க," என்றார் சலூன்காரர். கடையே சிரித்தது. மூடி மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் சொன்னதில் எள்ளளவும் பொய் இல்லை. பார்க்கில் பெரியவர்கள் அப்படித்தான் திறந்துகொண்டிருந்தார்கள்.

பார்க் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். மூடிக்கு இரண்டு பரீட்சை. பிள்ளைகளால் திறக்க முடியக் கூடாது. வயதானவர்களால் திறக்க முடிய வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அவர்கள்தானே. அலுவலகத்துக்குப் பக்கத்துப் பார்க்கில் காலை நடைக்கு வருகிற பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, பாட்டிலை நீட்டுவார். பழகின கை கூடாது என்பதற்காக ஒருவர் ஒரு தடவைதான் உட்காரலாம். அதில் அவர் கறார். அந்தப் பார்க்குக்குப் புதுப்புது ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் மூடியைப் பார்த்த மாத்திரத்தில் திறந்தார்கள். இவ்வளவு நல்ல மூடிகள் வருகிற காலத்தில் வேலை பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று அவர் உச்சி குளிர்ந்து போவார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இந்தக் கதைகளையெல்லாம் மனைவியிடம் அளப்பார். அவள் தையல்காரி. வாசலைப் பார்த்த அறையில் தையல் மிஷின், வெட்டின துணி, அளவு நாடா, பட்டன் டப்பா, நடுவில் அவள். பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து பேன்ட்டுக்கு இடுப்புப் பிடிப்பது வரை எல்லாம் அவள் கைதான். காலடியில் அவருடைய தம்பி மகள் உட்கார்ந்திருப்பாள். தம்பியும் தம்பி மனைவியும் அதே வீட்டு மாடியில் இருந்தார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்கக் குழந்தை பெரியம்மா வசம். நாலு வயது நிரம்பாத அந்த வாண்டுக்குப் பட்டன் டப்பாதான் உலகம். கொட்டுவாள், அடுக்குவாள், நிறம் பிரிப்பாள், மறுபடி கொட்டுவாள்.

"இன்னைக்கு ஒரு அம்மா, கைத்தடி ஊனிக்கிட்டு வந்தாங்க. ஒரே அமுக்கு, ஒரே திருப்பு. டக்குன்னு வந்துடுச்சு!" என்பார் அவர்.

"ம்ம்," என்பாள் மனைவி, பல்லில் நூலைக் கடித்தபடி.

அந்த "ம்ம்"மில் என்ன இருந்தது என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

தனக்கு மட்டும் விடுமுறையான ஒரு நாளில் அவர் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது வாண்டு வந்து எதிரில் நின்றாள். உள்ளங்கையை விரித்தாள்.

"பெரியப்பா, இந்தப் பட்டன்ல ஓட்டையே இல்ல. பெரியம்மா இதை எப்படித் தைப்பாங்க?"

வெள்ளையாக, வட்டமாக, நடுவில் ஒரு கோடு போட்ட மாத்திரை.

டீ டம்ளர் எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. "வாயைத் திற! வாயைத் திற!" என்று குழந்தையை இழுத்தார். அவள் ஏதோ டாக்டர் விளையாட்டு என்று நினைத்து, குஷியாக ஆவென்று திறந்தாள். மனைவி ஓடி வந்தாள். பட்டன் டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். சிவப்பு, நீலம், கறுப்புப் பட்டன்களுக்கு நடுவே மருந்துக்கடை ஒன்று கலந்து கிடந்தது. எல்லா மாத்திரையும் அப்படியே இருக்கிறது, நேற்றுத்தான் கொட்டினேன், ஒன்றுகூடக் குறையவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருக் கிளினிக்கை நோக்கி ஓடினார். செருப்புக்கூடப் போடவில்லை. மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள். தோளில் இருந்தவள் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா குழந்தையைத் தலை முதல் கால் வரை பார்த்தார். வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை என்று நிச்சயமாகும் வரை பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார். பிறகு கணவன் மனைவி இருவருக்கும் ஒரு பாடு திட்டு விழுந்தது. "குழந்தை இருக்கற வீட்ல மாத்திரையைப் பட்டன் டப்பாவுலயா போட்டு வைப்பாங்க? மூடி போட்ட பாட்டில்ல தானே கடையில குடுக்கறாங்க? நீங்க என்ன சார் வேலை பாக்கறீங்க?"

"மூடி..." என்று ஆரம்பித்த மூடி மாமா மீதியை விழுங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், வாண்டு தூங்கிய பிறகு, அவர் மனைவியின் எதிரில் உட்கார்ந்தார். கோபமாகத்தான் உட்கார்ந்தார். "ஏன் இப்படிப் பண்ணின? பாட்டில்ல இருக்கறதை எடுத்து டப்பாவுல ஏன் கொட்டின?"

அவள் மேஜையில் இருந்த பாட்டிலை எடுத்தாள். அவரே பார்க்கில் வைத்துத் தேற வைத்த மூடிதான் அதில் இருந்தது. அவர் பார்த்திருக்க, அவள் அதை அமுக்கினாள். கட்டைவிரல் மூட்டு வீங்கிச் சிவந்திருந்தது. அமுக்கும்போதே விரல் வலியில் விலகியது. மூடி கரகரவென்று சுற்றியது. திரும்ப அமுக்கினாள். திரும்பவும் கரகர. இத்தனை வருஷம் கத்தரிக்கோல் பிடித்த கை.

"எதிர்வீட்டுக் காலேஜ் பொண்ணைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லி, மொத்தத்தையும் டப்பாவுல கொட்டிக்கறேன். தினமும் அவளைக் கூப்பிட முடியுமா? அலமாரி மேலதான் வெச்சிருந்தேன். நேத்து அவசரத்துல பட்டன் டப்பாவும் அதுவும் மாறிப் போச்சு."

"கை இப்படி இருக்குன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீங்க தினமும் வந்து, எழுபது வயசுக்காரங்க ஒரே அமுக்குல திறந்தாங்கன்னு சொல்றீங்க. கைத்தடி ஊனறவங்களே திறக்கறாங்க. எனக்கு ஐம்பத்து மூணு. எனக்கு மட்டும் வரலன்னா, கை ஒரேயடியா போயிடுச்சுன்னு தானே அர்த்தம்? தெரிஞ்சா மிஷினை மூடி வைன்னு சொல்லிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

மூடி மாமாவுக்குச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. ஊரில் உள்ள பிள்ளைகளின் விரலையும் பெரியவர்களின் விரலையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர், தனக்கு டீ ஆற்றிக் கொடுக்கிற விரலைப் பார்க்கவில்லை. அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். "மிஷினை மூடச் சொல்ல நான் யாரு? நீ தைக்கலன்னா இந்தத் தெருவே அரைகுறையாத்தான் நடமாடணும்," என்றார். அவள் அழுகையோடு சிரித்தாள்.

சாயங்காலம் தம்பியிடமும் தம்பி மனைவியிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். தம்பி மனைவி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. குழந்தையை மட்டும் வெகு நேரம் மடியை விட்டு இறக்கவில்லை. அன்று முதல் மாத்திரைப் பாட்டில் உயரத்து அலமாரிக்குப் போனது. காலையும் மாலையும் அவரே திறந்து மனைவிக்கு எடுத்துக் கொடுத்தார். அவர் வரத் தாமதமானால் அவள் காத்திருக்க வேண்டியிருந்தது. "ஒரு மாத்திரைக்குக்கூட ஐயா தயவு வேண்டியிருக்கு," என்று அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது.

ஒரு கேள்வி அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. இவளுக்கே வராதது பார்க்கில் இருக்கிறவர்களுக்கு எப்படி வருகிறது? ஒரு நாள் காலை, வழக்கத்தை விடச் சீக்கிரமாகவே பார்க்குக்குப் போனார். புதர் வேலிக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்.

கல் பெஞ்சுகளில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு மருந்துப் பாட்டில். எதிரில் ரிடையரான பி.டி. வாத்தியார், அரை டவுசரும் கழுத்தில் விசிலுமாக நிமிர்ந்து நின்றார். முன்னொரு காலத்தில் மூடி மாமாவின் பரீட்சையில் முதல் ஆளாக உட்கார்ந்தவர்.

"எல்லாரும் கவனிங்க! விரலை நம்பாதே, உள்ளங்கையை நம்பு! உள்ளங்கையை வை! தோளை இறக்கு! அமுக்கு! மூச்சை விடு! திருப்பு!" பீப்!

டக், டக், டக் என்று மூடிகள் கழன்றன. பின்வரிசையில் ஒரு அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. "நீங்க நாளைக்கு உட்காரணும் அம்மா! இன்னும் பத்து தடவை!" என்று அவர் அதட்டினார். பக்கத்தில் இருந்தவர், "கவலைப்படாதீங்க, நானும் முதல்ல இப்படித்தான் இருந்தேன். வாத்தியார் விட மாட்டார்," என்று அந்த அம்மாவைத் தேற்றினார்.

மூடி மாமா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் நின்றார். கையும் களவுமாகப் பிடிபட்டது தெரியாமல், எல்லாருக்கும் வாயெல்லாம் பல்.

"வாங்க தம்பி! புதுசா வந்தவங்களைத் தயார் பண்ணிக்கிட்டிருக்கோம்," என்றார் வாத்தியார்.

"எத்தனை நாளா சார் இது நடக்குது?"

"ஆரம்பத்துல இருந்தே! முதல் தடவை ரெண்டு மூணு பேருக்குத் திறக்க வரல. உங்க முகம் வாடிப் போச்சு. டீயும் வாங்கிக் குடுத்து, பிஸ்கட்டும் குடுத்து, நல்ல மனுஷன், இவர் மனசு நோகலாமா? உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுதுன்னு நாங்களே முடிவு பண்ணினோம். நம்ம பார்க்குல ஒருத்தர்கூட ஃபெயில் ஆகக் கூடாது! மருந்துக்கடையில சொல்லி வெச்சுப் பழைய பாட்டில் வாங்கிப் பயிற்சி குடுக்கறேன்."

மூடி மாமாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார். "சார், ஃபெயில் ஆகறவங்களைக் கண்டுபிடிக்கத்தான் நான் வரேன். இங்க எல்லாரும் பாஸ் ஆனதால, திறக்க வராத மூடி கடைக்குப் போச்சு. திறக்க வராதவங்க மாத்திரையைக் கொட்டி வேற டப்பாவுல வெச்சாங்க. எங்க வீட்ல குழந்தை அதைக் கையில எடுத்துட்டா சார்."

வாத்தியாரின் வாயிலிருந்து விசில் விழுந்தது. பிறகு பின்வரிசை அம்மா மெல்லக் கையைத் தூக்கினார். "எங்க வீட்லயும் டம்ளர்ல கொட்டித்தான் வெச்சிருக்கேன் தம்பி." இன்னொருவர், "நான் மூடியை மூடறதே இல்லை," என்றார். அடுத்தவர், "மருமகளைத் திறக்கச் சொல்ல வெக்கமா இருக்கு," என்றார். ஒவ்வொருவராக எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

அலுவலகத்துக்குப் போகிற வழி முழுக்க அவருக்கு ஒரே யோசனை. இப்போதுதான் தேறிய ஒரு புது மூடி அடுத்த வாரம் கடைகளுக்குப் போகப் போகிறது. பேசாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகலாம். பிள்ளைகளையும் அந்தக் குட்டி நாற்காலிகளையும் விட்டுவிட்டுத் தன்னால் இருக்க முடியாது என்று நினைத்தபோது கண் கலங்கியது. கூடவே வாண்டு உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

"மேடம், புது மூடிக்கு நாம போட்ட பாஸ் செல்லாது," என்றார், மூச்சு வாங்க.

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். மனைவியின் விரல், டப்பா, கிளினிக், விசில், எல்லாவற்றையும் அவர் கொட்டித் தீர்த்தார். "மூச்சை விடு, திருப்பு" என்கிற இடம் வந்தபோது மேடத்தால் அடக்க முடியவில்லை. ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. ஃபைலை இறக்கியபோது முகம் வேறாக இருந்தது.

"அப்ப இதுக்கு முன்னாடி தேறின மூடிங்க?"

"அதான் மேடம் எனக்கும் பயம்."

"எல்லாத்தையும் மறுபடி பாப்போம். வேற இடம், வேற ஆளுங்க. ஒரே பார்க்குக்குப் போனது உங்க தப்பு. ஒருத்தர்கூடத் தோக்கறதில்லையேன்னு ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. சிரிச்சாச்சு. இப்ப வேலையைப் பாப்போம்." போனை எடுத்தார்.

மருந்துக் கம்பெனிக்காரரின் குரல் போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. அச்சு வார்த்தாச்சு, பெட்டி கட்டியாச்சு, பாஸ் என்றால் பாஸ்தான், அடுத்த வாரம் கடைக்குப் போகிறது. "போகாது," என்றார் மேடம். அந்தப் பக்கம் இன்னும் பெரிதாகக் கத்தியது. மூடி மாமா கையை நீட்டி, "ஒரு வார்த்தை நான் பேசட்டுமா மேடம்?" என்று கேட்டுப் போனை வாங்கினார்.

"சார், வீட்ல பெரியவங்க இருக்காங்களா? அப்பாவா? ரொம்ப நல்லது. இன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பாட்டிலை அவர் கையில குடுங்க. எதுவும் சொல்லித் தராதீங்க. தள்ளி நின்னு பாருங்க, அது போதும்."

மறுநாள் கம்பெனிக்காரரே போன் செய்தார். சுருதி இறங்கியிருந்தது. "எங்கப்பா அதைக் கதவிடுக்குல வெச்சு நசுக்கிட்டார். கதவும் போச்சு, பாட்டிலும் போச்சு. பெட்டியெல்லாம் திரும்ப இறக்கச் சொல்லிட்டேன். நீங்க புதுசா பரீட்சை வைங்க."

ஊரின் மறுகோடியில், ஒரு நூலகத்தின் வாசிப்பறையில், புது மூடிக்கும் மனைவியின் பாட்டிலில் இருந்த பழைய மூடிக்கும் பரீட்சை நடந்தது. வாத்தியாரின் காற்றுகூடப் படாத பெரியவர்கள். ஒருவர் மூடியைக் கைக்குட்டையில் சுற்றி மல்லுக்கட்டினார். ஒரு அம்மா பாட்டிலைக் கணவரிடம் நீட்ட, அவர் அதை மனைவியிடமே திருப்பிக் கொடுக்க, இருவருக்கும் சண்டை மூண்டது. இருமல்கார முதியவர் ஒருவர் கொஞ்ச நேரம் போராடிவிட்டு, பாட்டிலை மேஜையில் வைத்தார். "இதைத் திறக்கறதுக்கு நான் இருமிக்கிட்டே இருந்துடறேன்," என்றார். இரண்டு மூடியும் படுதோல்வி. மூடி மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து அவர் குதித்த குதியைப் பார்த்து மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"தோத்துட்டு வந்தா இவ்ளோ சந்தோஷம்?"

"உன் கைக்கு ஒண்ணும் ஆகல. மூடிதான் மோசம்! ஊருக்கே வரல, உனக்கு மட்டும் எப்படி வரும்?"

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது முதல் முறையாக எந்த விரலில் வலி, எப்போது வலி என்று அவரிடம் விலாவாரியாகச் சொன்னாள். மறுவாரம் இருவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். கட்டைவிரலுக்கு ஒரு பட்டையும் பயிற்சியும் சொன்னார். மிஷினை மூடச் சொல்லவில்லை.

பார்க்கில் பி.டி. வாத்தியார் சும்மா இருப்பாரா? செய்த தப்புக்குப் பரிகாரம் தேட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். காலை நடை இப்போது தெருத்தெருவாகப் போனது. வீட்டுக்கு வீடு நின்று விசில் ஊதி, "மாத்திரை எங்க இருக்கு? மேல வையுங்க! டம்ளர்ல வைக்காதீங்க! மூடி திறக்க வரலன்னா வெக்கப்படாம சொல்லுங்க!" என்று பெரியவர்கள் படை ஒன்று வலம் வந்தது. திறக்க வராத மூடிகளையெல்லாம் பை பையாகச் சேகரித்துச் சைக்கிள் கடை மாடியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சலூன்காரர்கூடத் தன் அம்மாவின் பாட்டிலைக் கொடுத்தனுப்பினார். மேடம் அவற்றை வகை பிரித்து, செய்த கம்பெனிகளுக்கெல்லாம் திருப்பி அனுப்பினார். சில கம்பெனிகள் முணுமுணுத்தன. சில கேட்டுக்கொண்டன.

கதவை இழந்த கம்பெனிக்காரர்தான் முதலில் மாற்று மூடி கொண்டுவந்தார். அகலமான மூடி, விளிம்பில் நல்ல வரிவரியான பிடிப்பு. விரல் நுனிக்கு வேலை இல்லை. பெரியவர்களின் உள்ளங்கை அதில் வாகாக உட்கார்ந்துகொள்ளும். பிஞ்சுக் கைக்கோ அது அடங்கவே அடங்காது. நூலகத்தில் பெரியவர்கள் அதைப் பேசிக்கொண்டே திறந்தார்கள். இருமல்காரர் இந்தத் தடவை வரவில்லை; ஒருவர் ஒரு தடவைதான் என்பதில் மூடி மாமா இப்போதும் கறார். பிறகு மழலைப் பள்ளி. அன்றைக்குப் பிள்ளைகள் போட்ட ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவன் பாட்டிலைத் தரையில் உருட்டி அதன் பின்னாலேயே உருண்டான். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பின்னால் விழுந்தார்கள். ஒருத்தி கடைசியில் பாட்டிலை அவர் மடியில் வைத்து, "மாமா, நீங்களே திறந்துக்கோங்க, எனக்கு வேலை இருக்கு," என்று போய்விட்டாள். அத்தனை பேரும் தோற்றார்கள். அத்தனை நெற்றியிலும் நட்சத்திரம். பரீட்சை முடிந்துவிட்டதால், இனி சிரித்தால் தப்பில்லை என்று அவர் வயிறு வலிக்கச் சிரித்தார்.

புது மூடி கடைக்கு வந்த அன்று, மனைவியின் மாத்திரையை அந்தப் பாட்டிலில்தான் கடைக்காரர் கொடுத்தார். மூடி மாமா ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் உஷாராகிவிடுவாள். உஷாரான கையை வைத்து என்ன தெரியும்? பேசாமல் மேஜையில் வைத்துவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். வரி எதுவும் மண்டையில் ஏறவில்லை.

மனைவி கை கழுவிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த துணியைப் பற்றியோ எதையோ பற்றி ஆரம்பித்து, பேச்சு ஒரு பேன்ட்டில் வந்து நின்றது. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தைச்ச பேன்ட்டைக் கொண்டுவந்து, இதே அளவுக்கு இன்னொண்ணு தைங்கன்னு நிக்கறார். அந்தப் பேன்ட் இப்ப அவர் முழங்காலுக்கு மேல ஏறாது. அதை நான் எப்படி அவர்கிட்ட..." பேசிக்கொண்டே பாட்டிலை எடுத்தாள். உள்ளங்கையை மேலே வைத்தாள். அமுக்கினாள். மூடி கையோடு வந்தது. ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மூடியைத் திரும்பப் போட்டு, சத்தம் வருகிற வரை திருகி, உயரத்து அலமாரியில் வைத்தாள். "எப்படி அவர்கிட்ட சொல்றது, சொல்லுங்க? மனுஷன் புண்பட்டுடுவார் இல்ல?"

தான் என்ன செய்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பேப்பருக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிய அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் நீர் தளும்பியது.

"எதுக்கு இப்படி இளிக்கறீங்க? நான் ஒரு ஆளோட கஷ்டத்தைச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"ஒண்ணுமில்ல," என்றார் மூடி மாமா. "அந்தப் பேன்ட்காரர் என்ன சொன்னார்? மேல சொல்லு."